செங்கல் மிஸ்ஸும் கேஸ் சாவியும்

பள்ளிக்கூடத்தில் பூட்டுப் போட்ட அலமாரி இருக்கும்போது, ஒரு டீச்சர் செங்கல் ஒன்றைத் தினமும் மாலையில் கைப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் காலையில் அதே பையில் திரும்பக் கொண்டுவருவது எதற்காக? ஒரு வருடத்துக்கு மேலாக யோசிக்கிறேன். பிடிபடவில்லை. தலைமையாசிரியை கேட்டபோது, "அலமாரில வச்சா யாராச்சும் எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றாராம். காவலாளி கேட்டபோது, "கைக்கு எக்சர்சைஸ்" என்றாராம். நானே ஒருநாள் துணிந்து கேட்டேன். "ஸ்கூல்ல தனியா கிடக்கும் பாருங்க" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததால் நானும் சிரிக்கவில்லை.

புனேயில் பயப்படுவதற்கு எத்தனையோ இருக்கின்றன. எதிர்த்திசையில் வரும் ஸ்கூட்டர்கள், மழைக்காலத்தில் பள்ளம் எது தண்ணீர் எது என்று தெரியாத சாலைகள், அடுக்குமாடிக்காரர்களின் சொசைட்டி மீட்டிங். ஆனால் தமிழ், மராத்தி, குஜராத்தி, பஞ்சாபி என்ற பேதம் இல்லாமல் எல்லா அம்மாக்களையும் ஒரே அளவுக்கு நடுங்கவைத்தவர் என்று பார்த்தால் செங்கல் மிஸ் ஒருவர்தான். அவருடைய உண்மையான பெயர் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்தாக இருக்கிறது. இதுவரை அதை யாராலும் படிக்க முடிந்ததில்லை.

என் மகள் இனியா படிக்கும் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து 'டிசைன் அண்ட் டெக்னாலஜி' என்று ஒரு பாடம் உண்டு. அதைக் கற்றுக்கொடுப்பவர் அவர். குள்ளமான உருவம், காட்டன் புடவை, அதன்மேல் எட்டுப் பாக்கெட் வைத்துத் தைத்த ஏப்ரன், காலில் ஓடுவதற்கான ஷூ, கொண்டையில் ஊசிக்குப் பதில் பென்சில். ஒரு நாள் கொண்டையில் மூன்று பென்சில் எண்ணினேன். புனேயிலேயே தாபோடியில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். அவருடைய தமிழில் வட ஆற்காடும் இந்தியும் மராத்தியும் ஒரே தட்டில் சாப்பிடும்.

டைம்டேபிளில் அந்தப் பாடத்தின் பெயரைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஹடப்சரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் கணவர், "கோடிங்கா இருக்கும். நான் பாத்துக்கறேன்" என்று பெருமையாகப் பொறுப்பேற்றார். முதல் வீட்டுப்பாடம் வந்தது: 'உங்கள் வீட்டில் சரியாக வேலை செய்யாத மூன்றைக் கண்டுபிடித்து எழுதுக.' இனியா எழுதினாள்: மிக்ஸி மூடி, பாத்ரூம் தாழ்ப்பாள், அப்பா. கீழே சிவப்பு மையில் மிஸ் எழுதியிருந்தார்: 'முதல் இரண்டையும் இந்த வருடம் முயன்று பார்க்கலாம்.' அதோடு என் கணவர் அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்துவிட்டார்.

நான் பொறுப்புகளை மறுக்கத் தெரியாதவள். அதுதான் என் வியாதி என்று என் கணவர் சொல்வார். இனியா எழுதும் ஒவ்வொரு வரியையும் நான் ஒருமுறை பார்ப்பேன். பார்த்துப் பார்த்து அவளும் பழகிவிட்டாள். இலைக்குப் பச்சை அடிப்பதற்கு முன்னால்கூடக் க்ரேயானைக் கையில் வைத்துக்கொண்டு, "கரெக்டா, அம்மா?" என்று கேட்பாள். முதலில் எனக்கு அது பாசமாகத் தெரிந்தது. பிறகு, ஷூவில் எந்தக் கால் எதற்கு என்றுகூட என்னைப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறாள் என்று கவனித்தபோது அப்படித் தெரியவில்லை. இருந்தாலும், "கரெக்ட்" என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். சொல்லாமல் இருந்தால் தப்பாகப் போட்டுவிடுவாளே.

இந்த நிலையில் பாலம் கட்டும் வேலை வந்தது. ஐஸ்க்ரீம் குச்சியால் ஒரு முழ நீளப் பாலம். இந்த ஊரில் பள்ளிக்கூட ப்ராஜெக்ட் என்றால் அது அம்மாக்களின் பரீட்சை. எல்லாருக்கும் தெரியும். நான் இரண்டு மாலை உட்கார்ந்து, முக்கோணம் முக்கோணமாக வைத்து, ஃபெவிகால் காய்ந்த பின் மேலே இன்னொரு பூச்சுப் பூசி, ஒரு பாலம் கட்டினேன். மேம்பாலம் கட்டுபவர்கள் வந்து பார்த்துப் போகலாம், அப்படி. இனியா குச்சிகளை நிறம் பிரித்து எடுத்துத் தந்தாள்.

பெற்றோர் கூட்டத்தன்று பாலத்தை மேசைமேல் வைத்தேன். மிஸ் அதைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"யார் செஞ்சது?"

இனியா என்னைப் பார்த்தாள்.

"அவதான் மிஸ். நான் கொஞ்சம் ஹெல்ப் பண்ணேன்."

"எவ்ளோ கொஞ்சம்?"

"ஒட்டினது மட்டும்."

"குச்சி யாரு அறுத்தது?"

"அதுவும், அவ கைக்குக் கஷ்டம்னு..."

"டிராயிங்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மிஸ் கைப்பையைத் திறந்து, தலையணை உறையில் சுற்றியிருந்த செங்கல்லை எடுத்துப் பாலத்தின்மேல் வைத்தார். பாலம் அசையவில்லை. செங்கல்மேல் பஞ்சிங் மெஷினை வைத்தார். அதன்மேல் தன் டிபன் பாக்ஸை வைத்தார். அப்போதும் அசையவில்லை. எனக்குக் காது சூடானது, பெருமைதான்.

"ரொம்ப நல்லாக் கீதுங்க" என்று சொல்லி, ஒரு நோட்டை எடுத்து எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'இனியா அம்மா: பத்துக்கு எட்டு. ஒட்டுவதில் பொறுமை நன்று. பிறர் வேலையில் தலையிடும் பழக்கத்தைக் குறைத்தால் மேலும் முன்னேறலாம்.'

"மிஸ், இனியாவுக்கு எவ்ளோ?"

"அவ இன்னும் கொண்டாரலையே."

பக்கத்து மேசையில் குழந்தைகளே கட்டிய கோணல்மாணலான பாலம் ஒன்றின்மேல் செங்கல்லை வைத்தார். படீரென்று உடைந்தது. உடனே நாலு பிள்ளைகள் பாய்ந்து வந்து குனிந்து, எந்தக் குச்சி முதலில் போனது என்று இந்தியில் சண்டை போட்டார்கள். "எங்க உடைஞ்சுதோ அங்கதான் பாடம்" என்றார் மிஸ் என்னிடம். "உங்களுது உடையல. அதனால நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியல."

வெட்கப்பட வேண்டிய நேரம் அது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன்: அந்த வாரம் முழுவதும் என்னை அரித்தது, அந்த இரண்டு மார்க் எங்கே போனது என்பதுதான்.

என்னை மட்டும் அவர் விட்டுவைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கு எதிரே ஒரு ஸ்டேஷனரி கடை. கடைக்காரர் மராத்திக்காரர், பாவம், நல்ல மனிதர். ரெடிமேடாக எரிமலை, சூரியக் குடும்பம், காற்றாலை எல்லாம் செய்து வரிசையாக வைத்திருப்பார். காற்றாலை கொண்டுவரச் சொன்ன வாரத்தில் வகுப்புக்குப் பதினொரு காற்றாலை ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில், ஒரே மாதிரிச் சற்று இடப்பக்கம் சாய்ந்து வந்தன. மிஸ் எதுவும் பேசவில்லை. நேராகச் சாலையைக் கடந்து போய், கடைக்காரரைக் கையோடு அழைத்து வந்து, வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காரவைத்தார்.

"பதினோரு பேருக்குப் பதிலா ஒருத்தர் வந்திருக்காரு. கேள்வி கேளுங்க" என்றார் பிள்ளைகளிடம்.

அவர் கூச்சத்தோடு எழுந்து, இறக்கையை ஏன் சாய்த்து ஒட்ட வேண்டும், நேராக ஒட்டினால் ஏன் சுற்றாது என்று மராத்தியில் அழகாக விளக்கினாராம். பிள்ளைகள் கை தட்டினார்கள். மிஸ் அவருக்குப் பத்துக்குப் பத்து போட்டார். அந்தத் தாளை அவர் சட்டம் போட்டுக் கடையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து மூன்றாம் வகுப்புப் பெற்றோர் யார் போய்க் கேட்டாலும், "காற்றாலை இல்லை. அட்டை இருக்கு, பசை இருக்கு, தரட்டுமா?" என்பார். மிஸ் அவரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நாங்கள் எங்கே போவது?

பிறகு ஒருநாள் இனியா ஆள்காட்டி விரலில் பிளாஸ்டரோடு வந்தாள். கையில் ஒரு தாள். அதில் அவளே வரைந்த விரல், அதற்குப் பக்கத்தில் பல்பல்லாக ஏதோ ஒன்று, ஓர் அம்புக்குறி.

"இது என்ன கண்ணு?"

"கட் எந்தப் பக்கம் ஆச்சுன்னு மிஸ் டிராயிங் போடச் சொன்னாங்க. கரெக்டா, அம்மா?"

மறுநாள் நான் பள்ளியில் இருந்தேன். வழியில் பேச வேண்டியதை எல்லாம் இரண்டுமுறை மனதில் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"மிஸ், இத்தனூண்டு பிள்ளைங்க கையில கத்திரிக்கோல் குடுக்கறது..."

"கத்திரிக்கோல் இல்லீங்க. ரம்பம்."

"அவளுக்கு எட்டு வயசு, மிஸ்."

"ஆமா, லேட்டுதான்" என்றார்.

அழுகையா கோபமா என்று தெரியாமல் நான் நின்றேன். அவர் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"இனியா மம்மி, உக்காருங்க. உங்க பொண்ணு நல்லா அறுக்கறா. கையும் நிக்குது. ஆனா நடுவுல தலையத் தூக்கி வாசலப் பாக்கறா. நீங்க இங்க இல்லன்னு தெரியும். ஆனாலும் பாக்கறா, யாராச்சும் கரெக்ட்னு சொல்லுவாங்களான்னு. அப்படிப் பாக்கறப்பதான் ரம்பம் விரல்ல ஏறிச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன், சின்னக் காயம்தான். என் தப்பும் இருக்குது. ஆனா ரம்பத்தப் பாக்க வேண்டிய கண்ணு கதவப் பாக்குதே, அதுக்கு நான் எங்க பிளாஸ்டர் ஒட்டறது?"

நான் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தேன்.

"வருஷம் முடியறதுக்குள்ள அவ ஒரு வேலைய, ஒரே ஒரு வேலைய, தலையத் தூக்காம முடிக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும். நான் விடமாட்டேன். நீங்க வேணும்னா கம்ப்ளைண்ட் எழுதுங்க. பேனா தரட்டா?"

கொண்டையிலிருந்து பென்சிலை உருவி நீட்டினார். நான் புகார் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து, இனி இனியாவின் வேலையில் கை வைப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினேன். ஒரு சார்ட் பேப்பரில் அவள் 'எலிஃபண்ட்' என்று தப்பாக எழுதியதைக்கூடத் திருத்தாமல் அனுப்பினேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வருடக் கடைசியில் கண்காட்சி. ஒவ்வொரு குழந்தையும் தனக்குத் தெரிந்த ஒரே ஒரு ஆளுக்காக ஒரு பொருள் செய்ய வேண்டும். முதல் ஒரு வாரம் எதுவும் செய்யக்கூடாது. அந்த ஆளைச் சும்மா பார்த்துக் குறிப்பெழுத வேண்டும். அந்த ஆளிடம் சொல்லவும் கூடாது.

அந்த வாரம் இனியா விசித்திரமாக நடந்துகொண்டாள். நோட்டோடு சமையலறை வாசலில் நிற்பாள். லிஃப்ட் முன்னால் உட்கார்ந்து ஏதோ எழுதுவாள்.

"என்னடி எழுதற?"

"போல்னா மனா ஹை, அம்மா. மிஸ் சொல்லக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"யாருக்காகச் செய்யற? அப்பாவுக்கா?"

"அப்பாவுக்கு நிறைய வேணும். அது கஷ்டம்" என்றாள்.

பிறகு அட்டையும் பசையும், பழைய சாமான் கடையில் கேட்டு வாங்கிய உடைந்த கேஸ் ரெகுலேட்டருமாகப் பத்து நாள் வேலை நடந்தது. நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. அவள் இரண்டு தடவை, "கரெக்டா, அம்மா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். நான் மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டேன். அரைக்க ஒன்றுமில்லை, தண்ணீரை அரைத்தேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை.

இவ்வளவும் செய்த நான் கண்காட்சியன்று காலையில் என்ன செய்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. இனியா குளிக்கப் போயிருந்தாள். அவள் செய்தது துணிப்பையில் இருந்தது. நசுங்காமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் எடுத்தேன். சத்தியமாக அதற்குத்தான். ஒரு பலகையில் அந்தப் பழைய ரெகுலேட்டர். அதன் குமிழைச் சுற்றி டம்ளர் மாதிரி ஓர் அட்டைக் கூடு. கூடவே நூலில் கட்டிய தடிமனான அட்டைத் துண்டு ஒன்று, அதன் பக்கவாட்டில் காது மாதிரி ஒரு நீட்டல். என்னவென்று புரியவில்லை. ஆனால் கூட்டின் வாயில், உள்பக்கமாக, ஓர் அட்டை விளிம்பு கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் சின்னதாகப் பிய்ந்த மாதிரி இருந்தது. வெளியிலிருந்து ஆட்கள் வந்து பார்ப்பார்களே. நகம் வெட்டும் கத்திரிக்கோலை எடுத்து, சுற்றிலும் அந்த விளிம்பைச் சீராக வெட்டி எடுத்துவிட்டேன். இரண்டு நிமிடம். பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

அவள் கேட்டபடி பெயர்ப் பலகையும் எழுதிக் கொடுத்தேன். அது மட்டும் அனுமதி பெற்றுச் செய்தது. தங்க நிறப் பேனாவால், நிழல் விழுகிற மாதிரி எழுத்துகள்.

பள்ளி ஹாலில் மேசைகளுக்கு முன்னால் மிஸ் சாக்பீஸால் கோடு போட்டிருந்தார். பெற்றோர் கோட்டுக்கு இந்தப் பக்கம். தலைமையாசிரியையும், தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு இன்ஜினியரும் மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். இனியாவின் மேசை வந்தது. அவள் ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"இது கேஸ் சாவி. அப்பா ஸ்கூட்டர் சாவி ஆஃப் பண்ணாதான் வெளிய வரும் இல்லையா, அதே மாதிரி. குமிழ் உள்ளே இருக்கு, விரல் எட்டாது. சாவி போட்டாத்தான் திருப்ப முடியும். கேஸ் ஆன்ல இருந்தா சாவி வெளிய வராது. மூடினாத்தான் வரும். அப்போ சாவி கையில இருந்தா, கேஸ் மூடியிருக்குன்னு அர்த்தம்."

இன்ஜினியர் புருவத்தை உயர்த்தினார். "காட்டு பார்க்கலாம்."

இனியா அட்டைச் சாவியைக் கூட்டுக்குள் விட்டு, குமிழைத் திறந்த நிலைக்குத் திருப்பி, "இப்போ வராது" என்று இழுத்தாள்.

வந்துவிட்டது.

மறுபடி போட்டு இழுத்தாள். மறுபடியும் வந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. திறந்திருக்கும்போது சாவியின் காதை வெளியே விடாமல் தடுத்துப் பிடிக்கத்தான் அந்த விளிம்பு. மூடியதும் சாவி வெளியே வருவதற்கான பள்ளம்தான் நான் பார்த்த அந்தப் பிய்ந்த இடம். அவள் பத்து நாள் யோசித்தது அந்த ஒரு விளிம்பைத்தான். அதைத்தான் நான் அழகுபடுத்தியிருந்தேன்.

கோட்டைத் தாண்டி ஓடினேன். இரண்டாவது அடியில் என் கைகளில் கனமாக ஏதோ வந்து உட்கார்ந்தது. செங்கல்.

"இத்தக் கொஞ்சம் புடிங்க" என்றார் மிஸ்.

"மிஸ், அது நான்தான்..."

"ரெண்டு கையாலயும் புடிங்க. கீழ வைக்கக் கூடாது."

"அவகிட்ட மட்டும் ஒரு வார்த்தை. இனி..."

"வாயிலயும் எதனா வைக்கட்டுமா?"

நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு செங்கல் எவ்வளவு கனம் என்று தெரிய வேண்டுமானால், உங்கள் குழந்தை எல்லார் முன்னாலும் தடுமாறும்போது அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பாருங்கள்.

இனியா சாவியை மேசைமேல் வைத்தாள். பிறகு கூட்டுக்குள் விரலை விட்டுச் சுற்றித் தடவினாள். "லிப் போச்சு" என்று தனக்குத்தானே சொன்னாள். அந்த விளிம்பு எப்படிப் போனது என்று கேட்கவில்லை. மேசைக்கு அடியில் அட்டை தேடினாள். இல்லை. மேசைமேல் இருந்த ஒரே அட்டை என் பெயர்ப் பலகை. அதை எடுத்துத் திருப்பிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, பென்சிலால் வட்டம் போட்டு, வெட்ட ஆரம்பித்தாள். என் தங்க எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். "சார், அடுத்த டேபிளப் பாத்துட்டு வாங்க. இங்க வேலை நடக்குது" என்றார் மிஸ் இந்தியில். அவரும் பள்ளிப் பிள்ளை மாதிரி நகர்ந்துபோனார்.

முதல் விளிம்பு பெரிதாகிவிட்டது, உள்ளே போகவில்லை. தூக்கிப் போட்டாள். இரண்டாவதில் பள்ளத்தைத் தப்பான இடத்தில் வெட்டினாள். சாவி மூடியபோதும் வரவில்லை. பெயர்ப் பலகையில் இன்னும் உள்ளங்கை அளவுதான் மிச்சம். ஹாலில் சத்தம், யாரோ ஃபோட்டோ எடுக்கிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது. இனியா சாவியைப் போட்டுத் திருப்பி, சாவியின் காது நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியில் மட்டும் வெட்டினாள். பசை காயும்வரை ஊதினாள். என் கைகள் மரத்துப்போயிருந்தன. அவள் ஒருமுறைகூடத் தலையைத் தூக்கவில்லை.

இன்ஜினியர் திரும்பி வந்தார். இனியா சாவியைப் போட்டுத் திறந்தாள். "நீங்களே இழுங்க, அங்கிள்." அவர் இழுத்தார். வரவில்லை. பலமாக இழுத்தார். பலகையே தூக்கிக்கொண்டு வந்தது, சாவி வரவில்லை. அவள் மூடிய பக்கம் திருப்பினாள். சாவி மெதுவாக அவர் கையில் வந்து விழுந்தது.

"யாருக்காகச் செய்தாய்?"

"அம்மாவுக்கு."

நோட்டைப் பிரித்து வாசித்தாள். "திங்கட்கிழமை. லிஃப்ட் வந்தது. அம்மா கேஸ் பார்க்கத் திரும்பப் போனாங்க. இரண்டு தடவை. புதன். மூன்று தடவை. வெள்ளி. ஆட்டோ சொசைட்டி கேட் வரைக்கும் போனது. திரும்பி வந்தோம். கேஸ் மூடித்தான் இருந்தது. அம்மா அழவில்லை. ஆனால் அழுகிற மாதிரி இருந்தாங்க."

யாரும் சிரிக்கவில்லை. என் கணவருக்கே தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒரு விஷயம் அது.

கூட்டம் நகர்ந்ததும் மிஸ் வந்து செங்கல்லை வாங்கிக்கொண்டார்.

"கை வலிக்குதா?"

"இல்ல, மிஸ்."

"பொய்."

"மிஸ், அந்த விளிம்ப நான்தான் காலையில..."

"தெரியும்ங்க. வெட்டு அத்தனை வழவழன்னு இருந்துச்சே. எட்டு வயசுப் புள்ள அப்படி வெட்டாது." கண்ணாடியைக் கழற்றி ஏப்ரனில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "தலையத் தூக்கல, பாத்தீங்களா?"

"பாத்தேன், மிஸ்."

"நானும் பாத்தேன்" என்றார். அடுத்த நிமிடம், கோட்டைத் தாண்டிய ஒரு பஞ்சாபி அப்பாவை நோக்கி, "அரே பாய்சாப்" என்று செங்கல்லோடு ஓடினார்.

மறுநாள் இனியாவின் பையில் இரண்டு சீட்டுகள் வந்தன. அவளுடையதில் பத்துக்கு ஒன்பது. மூன்றாவது விளிம்பை முதலிலேயே யோசித்திருக்கலாம் என்று குறிப்பு. என்னுடையதில், 'இனியா அம்மா: செங்கல்லோடு பதினொரு நிமிடம். தேர்ச்சி.' அதை எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். கடைக்காரர் மாதிரி சட்டம் போடவில்லை, அவ்வளவுதான்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது எங்கள் வீட்டுக் கேஸ் சிலிண்டருக்கு, அடுப்புக்குக் கீழே கதவுக்குப் பின்னால், இனியா அளவெடுத்துச் செய்த அட்டைக் கூடு இருக்கிறது. வெளியே கிளம்பும்போது சாவியை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்கிறேன். ஆட்டோவில் பயம் வந்தால் பைக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்ப்பேன். முதல் மாதம் ஒருநாள்கூட லிஃப்டிலிருந்து திரும்பிப் போகவில்லை.

வாசகர்களே, உங்களிடம் ஒரு யோசனை கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். தொட்டுத் தொட்டுச் சாவியின் ஓரம் நைந்துவிட்டது. போன வாரம் முழுதாக மூடாமல் பாதியிலேயே வெளியே வந்தது. நான் மறுபடி திரும்பிப் போய்ப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இனியாவுக்குத் தெரியாமல், மறந்துபோன குடையை எடுக்கப் போகிற மாதிரி. அவளோ காவலாளி முதல் எதிர்வீட்டு அத்தை வரை எல்லாரிடமும், "எங்க அம்மா இப்போ திரும்பிப் போறதில்ல" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். சாவி கெட்டுவிட்டது என்று அவளிடம் சொல்லவா? அவள் முகம் வாடுமே. அல்லது அவள் தூங்கும்போது ஓரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடவா? இரண்டே நிமிட வேலை. டேப்பைக் கையில் எடுத்தும் வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தேன்.

மிஸ்ஸிடமே கேட்கலாம்தான். என்ன சொல்வார் என்பதும் தெரியும். ஆனால் அவர் என்னைப் பற்றி நல்லபடியாக நினைக்கத் தொடங்கி இப்போதுதான் இரண்டு மாதம் ஆகிறது. அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால் நீங்கள் யாராவது சொல்லுங்கள்.